தகடூர் கைமாறிய உடன்படிக்கை



பன்னாட்டுச் சட்டம் என்றவுடன், அது மேலை நாட்டு மன்றங்களில் பேசப்படும் ஒன்று. தருமபுரி உழவர்க்கு அதனோடு என்ன தொடர்பு என எண்ணத் தோன்றும். அவ்வுழவரின் நிலமே அச்சட்டத்தின் பெயரால் கைமாறிய நிலந்தான்.

1603-ஆம் ஆண்டு சிங்கப்பூரை அடுத்த கடலில் போர்த்துகீசியரின் சரக்குக் கப்பலொன்றை ஒல்லாந்தர் கவர்ந்தனர். கொள்ளையை முறையென்று காட்ட ஒரு சட்டப் புலவர் தேவைப்பட்டார். குரோசியசு என்னும் இளைஞர் முன்வந்தார். 1609-இல் வெளிவந்த 'கட்டற்ற கடல்' என்னும் அவர்தம் நூல், கடல் எவர்க்கும் தனியுடைமை அன்று என்றது. ஈழமும் சாவகமும் தமக்கென அரசரும் சட்டமும் உடையவை; அவற்றைக் 'கண்டுபிடித்தோம்' எனப் பறங்கியர் உரிமை கொண்டாடுதல் செல்லாது என்றும் வழக்காடிற்று. நல்ல வழக்கே! ஆனால், 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் அதனைத் தமிழர்க்குத் திருப்பித் தந்தாரில்லை, தாமே வைத்துக்கொண்டனர்.

1792 மார்ச்சுத் திங்களில் சீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. போரில் தோற்ற திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியையும் 3 கோடியே 30 இலக்கம் உருபாவையும் தர இசைந்தார். மைந்தர் இருவரைப் பிணையாக விடுத்தார். நிசாமும் மராட்டியரும் பங்கு பெற்றனர். கும்பினிக்கு வாய்த்தவற்றுள் பாராமகாலும் ஒன்று. அதியமான் ஆண்ட தகடூர், தன் பழம்பெயரும் இன்றி, அவ்வேட்டில் ஒரு வருவாய்க் கணக்காக நின்றது!

ஒன்றை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். கும்பினி அன்று திப்புவை இறையாண்மை உடைய வேந்தராகவே ஏற்று ஒப்பமிட்டது. கொடுப்பவர்க்கு உரிமை உண்டென்று ஒப்பினாலன்றோ பெற்றது தனக்கு உரிமையாகும்! குடிகளை எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டே இரீடு என்னும் படைத்தலைவர் வந்தார். மன்றோ அவர்க்குத் துணைவர். நிலம் அளக்கப்பட்டது, தீர்வை விதிக்கப்பட்டது. உழவர் ஒவ்வொருவரிடமும் நேரே வரி கொள்ளும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் வேர்கொண்டது.

1799-இல் திப்பு போரில் வீழ்ந்தார். அடுத்த நூற்றாண்டில் மேலைச் சட்ட நூலார், பன்னாட்டுச் சட்டம் நாகரிக நாடுகட்கே உரியது என்றெழுதிக் கீழையரசுகளைப் புறத்தே தள்ளினர். நிலத்தை எழுதி வாங்கும்போது வேந்தர்; வாங்கி முடித்தபின் நாகரிகம் அற்றவர்!

இப்புரட்டை வெளிப்படுத்தியவர் 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிற்றிய போலந்து அறிஞர் அலெக்சாண்டுரோவிக்சு. 1967-இல் வெளிவந்த அவர்தம் நூல், ஐரோப்பியர் கீழைநாட்டு வேந்தரோடு நிகர்நிலையில் செய்துகொண்ட பழைய உடன்படிக்கைகளையே சான்றாக வைத்துப் பேசுகிறது. அவை ஐரோப்பியரே ஒப்பமிட்ட ஏடுகள்.