நாளைக்கு வாசிக்கலாம்



ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், ஞாயிறுகள் நீங்கலாக 40 நாட்கள். வங்கி எழுத்தராக இருந்த எனக்கு அது பெரும்பாலும் மார்ச் மாதக் கணக்கு முடிப்போடு சேர்ந்தே வரும். வேதக் கதை வாசிக்கச் சொல்லி மகன் கேட்டால், "நாளைக்கு வாசிக்கலாம்" என்பேன். அந்த நாளை வரவேயில்லை.

இந்த வருடம் பேத்தியோடு தொடங்கினேன். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். உயிர்த்தெழுதல் வரும் கடைசி அதிகாரம் ஈஸ்டர் அன்று அமையும்படி, தினம் ஒன்றாகச் சத்தமாக வாசித்தோம். 14ஆம் அதிகாரம் பெரிய வெள்ளியன்று வந்தது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்து அழுகிற இடம். பேத்தி நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்க பொய் சொல்லிட்டு அழுதிருக்கீங்களா?" என்றாள்.

மகனும் பக்கத்தில் இருந்தான். "உங்கப்பாகிட்ட 'நாளைக்கு'ன்னு பல வருஷம் சொன்னேம்மா. அழத்தான் இல்ல" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வேதாகமத்தை வாங்கி அடுத்த அதிகாரத்தை வாசிக்க ஆரம்பித்தான்.

நீங்கள் எந்த மதமானாலும், உங்கள் வீட்டில் இருக்கும் நூலை எடுத்து இன்றிரவே பத்து நிமிடம் பிள்ளைகளோடு வாசியுங்கள்.