வாசல்படியில் நின்ற ஜுலைகா பேகம்

(திருமுக்கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற ஊர் இது. கூடுகின்ற வரைக்கும் மூன்றுக்கும் மூன்று பெயர். கூடிய பிறகு கடல் வரைக்கும் பாலாறு என்ற ஒரே பெயர்தான். மற்ற இரண்டின் தண்ணீரும் அதற்குள்ளேதான் போகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

நம் தலைவர்களின் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களை நாம் அறிவோம். காங்கிரஸ் தலைவர், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவருடைய துணைவியார் பெயர் என்ன? இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஜுலைகா பேகம்.

1916-ல் வங்காள அரசு ஆஸாத்தை மாகாணத்தை விட்டே வெளியேற்றியது. அவர் ராஞ்சிக்குப் போனார். அங்கே காவலில் வைக்கப்பட்டு, 1920 பிறந்தபோதுதான் விடுதலையானார். அந்த முதல் பிரிவின்போது ஜுலைகா பேகத்தால் துக்கத்தை அடக்க முடியவில்லை. அதற்காக அவர் மீது வெகுநாள் மனவருத்தம் கொண்டிருந்ததாகப் பின்னாளில் ஆஸாத்தே எழுதியிருக்கிறார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு தம் மனைவி தம்மை முழுதுமாக மாற்றிக்கொண்டார் என்றும் எழுதியிருக்கிறார்.

சிந்தித்துப் பாருங்கள். கணவரைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போகிறது. மனைவி அழுகிறார். அந்த அழுகைகூடக் குறையாகிவிட்டது! அதன் பிறகு அந்த அம்மையார் கண்ணீரை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவர் மௌனமாக மட்டும் இருந்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். 1921 டிசம்பரில் கல்கத்தாவில் ஆஸாத் மீண்டும் கைதானார். 1922 பிப்ரவரி 9 அன்று ஓராண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பு வந்ததும் ஜுலைகா பேகம் காந்தியடிகளுக்கு ஒரு செய்தி எழுதினார். அதன் சாரம் இதுதான்: நாங்கள் எதிர்பார்த்திருந்ததைவிட இந்தத் தண்டனை மிகக் குறைவு. நாட்டுத் தொண்டுக்குச் சிறைதான் கூலி என்றால், அந்தக் கூலியிலும் என் கணவருக்கு அநீதி செய்துவிட்டார்கள். வங்காள கிலாஃபத் கமிட்டியில் அவர் பார்த்த வேலையை இன்று முதல் நான் பார்க்கிறேன்.

இப்படி எழுதியவர் உடல் நலிவுற்றிருந்தவர், வீட்டுக்குள் இருந்தவர். தம் உடல்நிலை கருதிப் பொதுப்பணியில் தாம் இறங்குவதைக் கணவர் விரும்பவில்லை என்பதையும் அதே செய்தியில் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். திறமை இல்லாமல் அவர் பின்னால் நிற்கவில்லை. வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டுகள் உருண்டன. 1941-ல் ஆஸாத் நைனி சிறையில் இருந்தபோது அவர் உடல்நிலை மேலும் கெட்டது. காற்று மாற்றத்துக்காக ராஞ்சி போனவர் 1942 ஜூலையில்தான் வீடு திரும்பினார். அடுத்த மாதமே ஆஸாத் பம்பாய் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்துக்குப் புறப்பட்டார். ஜுலைகா பேகம் வாசல் வரை வந்தார். குதா ஹாஃபிஸ் என்றார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணில் நீர் இல்லை. ஆனால் முகமே அழுதது என்று ஆஸாத் பின்னர் எழுதினார்.

ஆகஸ்ட் 9 விடியற்காலையில் கைது. அஹ்மத்நகர் கோட்டைச் சிறை. 1943 ஏப்ரல் 9-ல் கல்கத்தாவில் ஜுலைகா பேகம் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முப்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கை. கடைசியில் ஒரு முறை முகம் பார்க்கும் வாய்ப்பு கணவருக்குக் கிடைக்கவில்லை. 1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா வந்தபோது ஆஸாத் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை மனைவியின் கப்ருக்குத் திருப்பச் சொன்னார். மக்கள் தமக்குப் போட்ட மாலைகளில் ஒன்றை எடுத்து அங்கே வைத்துவிட்டு, பாத்திஹா ஓதினார்.

தம் வயதில் ஏழில் ஒரு பங்கு சிறையில் கழிந்தது என்று ஆஸாத் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த நாட்களை வெளியே தனியாகக் கழித்தவரின் கணக்கை யார் எழுதினார்கள்?

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1908-ல் வ.உ.சிதம்பரனார் சிறைக்குப் போனபோது அவர் விடுதலைக்காக மனு மேல் மனு போட்டவர் மீனாட்சி அம்மாள். ஹஸ்ரத் மொஹானி சிறையில் இருந்தபோது அவருக்காகப் போராடியவர் நிஷாதுன்னிஸா பேகம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காஞ்சிப் பட்டு என்றால் நெய்தவர் பெயரைச் சொல்கிறோம். தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்கிறோமா? கடை வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் கொடுக்கல் வாங்கல் உங்கள் வீட்டாருக்குத் தெரியுமா? நாளைக்கே நீங்கள் படுத்துவிட்டால், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லத் தெரியுமா? தெரியாமல் வைத்திருப்பது கண்ணியமல்ல. அது அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது.

இளைஞர்களே! மாநாடு, ஊர்வலம், சமுதாயப் பணி என்று புறப்படுகிறீர்கள். போய் வாருங்கள். ஆனால், போகும்போது வாசலில் நிற்பவரிடம் மஷூரா செய்துவிட்டுப் போங்கள். அவர் கண் கலங்கினால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். உங்கள் பணியில் அவருக்கும் பங்கு கேட்கும் தகுதி உண்டு. 1922-ல் ஒருவர் கேட்காமலே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்த முறை மௌலானா ஆஸாத்தின் பெயரை மேடையில் சொல்லும்போது, ஜுலைகா பேகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அல்லாஹ் அந்த அம்மையாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக!