வண்டி வேடிக்கைக்கு எந்த ஃப்ளாஷ்?

ஆடி வருது, சேலம் குகை வண்டி வேடிக்கையை ஃபிலிம்ல எடுக்கணும், எந்த ஃப்ளாஷ் வாங்கலாம்? இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப் போறோம். பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன்: குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாவுல சாமி வேஷம் கட்டினவங்க அலங்கார வண்டிகள்ல ஊர்வலமா வருவாங்க. முகமெல்லாம் பெயின்ட், உடம்பெல்லாம் ஜிகினா, பின்னாடி இருட்டு.

கல்யாண மண்டபத்துல ஃப்ளாஷை சீலிங்குக்குத் திருப்பி அடிப்போம். ரோட்டுல ஏது சீலிங்? நேராத்தான் அடிக்கணும், அதுக்குப் பவர் வேணும். அந்தப் பவரைச் சொல்றதுதான் கைடு நம்பர். அதை தூரத்தால வகுத்தா அப்பர்ச்சர் வந்துரும். விவிடார் 283-ஓட கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100-ல சுமார் 36. நீங்க 400 ஃபிலிம் போட்டா அது 72 ஆகும். வண்டி 6 மீட்டர்ல வந்தா 12, அதாவது கிட்டத்தட்ட எஃப் 11. கைடு நம்பர் 14 இருக்கிற குட்டி ஃப்ளாஷ்னா அதே இடத்துல எஃப் 4-க்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும்.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். 50 எம்எம் லென்ஸை 6 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணி வச்சா, எஃப் 4-ல நாலரை மீட்டர்லருந்து எட்டு மீட்டர் வரைக்கும்தான் ஷார்ப். எஃப் 11-ல மூணரை மீட்டர்லருந்து 25 மீட்டரைத் தாண்டும். கூட்டம் தள்ளுற தள்ளுல, இருட்டுல, நகர்ற வண்டிக்கு ஃபோகஸ் ரிங்கைத் திருகிப் பாருங்க, புரியும். ஒரு ரோல்ல மொத்தமே 36 ஷாட். ஆனா ஷார்ப்பா இருந்தா மட்டும் போதாது. 12 மீட்டர்ல வெளிச்சம் கால் பங்காயிடும், அதனால வண்டி கிட்ட வர்ற வரைக்கும் காத்திருங்க.

பழைய டப்பாவுல 120-னு போட்டிருக்கும், பார்த்து மயங்காதீங்க. அது அடிக்கணக்கு. மீட்டருக்கு மாத்தினா அதே 36-தான்.

ஆட்டோ மோடை இங்க நம்பாதீங்க. சென்சார் பின்னாடி இருக்கிற இருட்டையும் சேர்த்துப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிடும், சாமி முகம் வெளுத்துப் போயிடும். ஜிகினா நேரா கண்ணடிச்சா உடனே கட் பண்ணிடும். மேனுவல்ல ஃபுல் பவர் வச்சு, தூரத்தைக் கண்ணால கணிச்சுக்குங்க. நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் அதிகமானாலும் தாங்கும்.

கைப்பிடி வச்ச பெரிய மெட்ஸ் 45 வாங்கலாமா? கைடு நம்பர் 45, பவர் தாராளம்தான். ஆனா அந்தத் தடியைத் தூக்கிக்கிட்டு குகைக் கூட்டத்துல நுழையறது எனக்குச் சரியாப் படல. என் ஓட்டு, 4 ஏஏ செல்லுல ஓடுற 283 மாதிரி ஒண்ணுக்கு. அதை ஷூவுல மாட்டாம, சிங்க் கேபிள் போட்டு இடது கையில உசத்திப் பிடிங்க. பக்கத்துலருந்து வெளிச்சம் விழுந்தாத்தான் கிரீடத்தோட வேலைப்பாடு தெரியும், ரெட் ஐயும் வராது.

செகண்ட் ஹேண்டா வாங்கும்போது பேட்டரி அறையில பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. அப்புறம் மல்டிமீட்டர். ஃபுல்லா சார்ஜ் ஆனதும் ஷூவோட நடுப் புள்ளியில ஒரு முனை, பக்கத்து மெட்டல்ல ஒரு முனை. பழைய 283 சிலதுல 200 வோல்ட்டுக்கு மேலயே வரும். பென்டாக்ஸ் கே1000 மாதிரி மெக்கானிக்கல் பாடி பொதுவா தாங்கிக்கும். எலக்ட்ரானிக் பாடியில போட்டா சர்க்யூட் போயிடலாம். மீட்டர்ல அவ்வளவு காட்டுதேன்னு ஆர்வத்துல ஃப்ளாஷைத் திறந்துராதீங்க, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் 300 வோல்ட் வாக்குல சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். ஆஃப் பண்ணாலும் இருக்கும்.

ஷட்டர் கே1000-ல 60-க்கு மேல போகக் கூடாது, போனா பாதி ஃபிரேம் கறுப்பு. 30 வச்சா வண்டியோட சீரியல் லைட்டும் சேர்ந்து பதியும், அதான் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு ஃபுல் பவர் அடிக்கும் அப்புறம் ரெடி லைட் வர எட்டுப் பத்து செகண்ட் ஆகும், அதுக்குள்ள வண்டி தாண்டிடும். சிங்க் கேபிள் மட்டும் ரெண்டா வாங்கிக்குங்க, முதல்ல மண்டையைப் போடுறது அதுதான்.