மலைத்தண்ணீருக்கு ஒரு பித்தளை நட்டு



மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸல் தொடங்கியது 1929-இல். பழைய முறையில் கொழுந்தை உருட்டும் ஆலைகளில், ரோலரின் மேசைமீது பித்தளைச் சட்டங்கள் வரிவரியாகப் பதித்திருக்கும். இரும்பு பட்டால் கொழுந்தின் துவர்ப்புச் சத்து கறுத்துவிடும். பித்தளையில் அந்தத் தொல்லை இல்லை. சுற்றுலா வருபவர்கள் நின்று படமெடுப்பது அந்த ரோலரைத்தான். இன்றைய பேச்சு, யாரும் படமெடுக்காத இன்னொரு பித்தளையைப் பற்றியது. செம்புக் குழாயோடு குழாய் சேரும் இடத்தில் இருக்கிறதே, கட்டைவிரல் பருமனில், கம்ப்ரஷன் ஃபிட்டிங், அது.

அதில் மூன்றே உறுப்புகள்: உடல், நட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோதிரம். நட்டைத் திருகத் திருக, மோதிரம் உடலின் சரிவான வாய்க்குள் நெருக்கப்பட்டு, குழாயைச் சுற்றிலும் கவ்விக்கொள்கிறது. பற்றவைப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம். தண்ணீரைத் தடுப்பது மோதிரம்தான், மரை அல்ல. மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றும் பிளம்பர்கள் வீணுக்கு உழைக்கிறார்கள்.

இதை லட்சக்கணக்கில் செய்யவேண்டிய வடிவமைப்பாளர் என்ன யோசிப்பார்? முதலில் கம்பியை. நட்டை உருண்டைக் கம்பியிலிருந்து கடைந்தால், ஸ்பேனர் பிடிக்கும் ஆறு முகங்களையும் தனியே வெட்டவேண்டும். அறுகோணக் கம்பியிலேயே தொடங்கினால் அந்த வேலை மிச்சம். அடுத்து, மரை முடியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் விடவேண்டும். இல்லாவிட்டால் உளி வெளியேற வழியில்லாமல் முனை உடையும். துல்லியத்தையும் எல்லா இடத்திலும் கேட்கக் கூடாது. மோதிரம் உட்காரும் சரிவிலும் குழாய் நுழையும் துளையிலும் கறாராக இருந்தால் போதும். வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் தண்ணீருக்குக் கவலையில்லை. முழங்கை, மூன்று வழி போன்ற வளைந்த உருவங்களைக் கம்பியிலிருந்து கடைந்தால் பாதிக்கு மேல் சீவலாகப் போய்விடும். ஆகவே அவற்றைச் சூடாக்கி அச்சில் அடித்து எடுக்கிறார்கள். அச்சிலிருந்து கழன்று வர, பக்கங்களில் இலேசான சாய்வு வைக்கவேண்டும். சீவலும் குப்பையல்ல. குஜராத்தின் ஜாம்நகரில் பழைய பித்தளையை உருக்கிப் பாகங்கள் செய்யும் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கே கூட்டி அள்ளும் சீவலுக்கும் விலை உண்டு.

லேத்துக்குப் பிடித்த பித்தளை எது? 58 சதவீதம் செம்பு, 3 சதவீதம் ஈயம், மீதி துத்தநாகம். ஈயம் கலவையில் கரையாமல் நுண்துளிகளாகத் தங்கி, சீவலைத் துண்டுதுண்டாக உடைக்கிறது. மற்ற உலோகங்கள் எவ்வளவு எளிதாக வெட்டுப்படும் என்று அளக்க, இந்த வகைப் பித்தளைக்கே 100 மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் லேத்து மெச்சுகிற உலோகத்தைத் தண்ணீர் மெச்சவேண்டுமே!

கேமரன் மலை கருங்கல் மலை. மழை அந்தப் பாறையில் வழிந்து வரும்போது சுண்ணாம்பு அதிகம் சேர்வதில்லை. அப்படிப்பட்ட மென்னீரில் குளோரைடும் சேர்ந்து, குழாயில் தேங்கியும் நின்றால், பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும் வாய்ப்பு கூடுகிறது. எஞ்சுவது செந்நிறத்தில் நொய்ந்துபோன செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் வீடுகளில் கிட்டெக் என்ற குழாய் வகையின் பித்தளை இணைப்புகள் இப்படித் துத்தநாகத்தை இழந்துதான் கெட்டன. அமெரிக்கா, கனடா இரண்டிலும் நடந்த வழக்குகள் 2011-இல் 12.5 கோடி டாலர் இழப்பீட்டு ஒப்பந்தத்தில் முடிந்தன. மருந்து மிகச் சிறியது: செம்பைச் சற்றுக் கூட்டி, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆர்செனிக் சேர்த்து, அச்சில் அடித்தபின் மறுபடி சூட்டில் பக்குவப்படுத்துவது. பிரிட்டிஷ் முறையில் அத்தகைய ஃபிட்டிங்கின் மேல் 'சி.ஆர்.' என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். கடையில் வாங்கும்போது அதைத் தேடிப் பார்ப்பது நல்லது. விலை கூடுதல்தான்.

தண்ணீரைச் சமாளித்தாலும் காற்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரம், உறையைச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், இவை மூன்றும் கூடியதால் வந்த வினை என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று.

மலையில் இப்போது குதிரை லாயம் ஏது என்று கேட்கலாம். யூரியா மூட்டை இருக்கிறது. காய்கறித் தோட்டங்களில் கோழி எரு இருக்கிறது. மழைக்கோ பஞ்சமே இல்லை. உரக் கொட்டகைச் சுவரில் ஓடும் குழாயின் நட்டு, ஒருநாள் யாரும் தொடாமலே நெடுக வெடித்து நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதற்காகவே நல்ல தொழிற்சாலைகள் கடைந்த பாகங்களை ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்துகின்றன. மாதிரிகளை அம்மோனியா ஆவியில் ஒருநாள் முழுக்க வைத்து விரிசல் தேடுகின்றன. நட்டின் சுவரைக் கொஞ்சம் தடிப்பாக வரைந்தால் உலோகம் கூடும், விலையும் கூடும். ஆனால் இறுக்கத்தை அது தாங்கும். கணக்குப் பார்க்கும் முதலாளிகள் முதலில் சீவச் சொல்வதும் அந்தத் தடிப்பைத்தான்.

மிச்ச இறுக்கம் ஸ்பேனர் பிடிப்பவர் கையில். பொதுவாக, கையால் இறுகும் மட்டும் திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்றே கால் சுற்று. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. தண்ணீர் விட்டுப் பார்த்து, சொட்டினால் மட்டும் இன்னும் கால் சுற்று. குழாயையும் உரமூட்டைகளுக்கு எதிர்ச் சுவரில் கொண்டுபோகச் சொல்லலாம். கூடுதலாக ஆவது சில அடிச் செம்புக் குழாய்தான்.