மூச்சும் கழுத்தும்: மரத்தால் விழுந்தவரைக் காப்பது எப்படி?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய பேச்சு)



வாவிக்கரையில் தென்னையை நம்பிப் பிழைக்கிற நமக்கு, மரத்தால் விழுகிறது கேள்விப்படாத சங்கதி இல்லை. முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் தேங்காய் பறிக்க ஏறிய ஒரு தம்பி எங்கள் கண்முன்னே விழுந்தார். ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தோம். வாயில் தண்ணி ஊற்றினோம். கையையும் காலையும் பிடித்து லேண்ட் மாஸ்டர் பெட்டியில் ஏற்றினோம். தம்பி உயிர் பிழைத்தார். ஆனால் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. விழுந்ததால் வந்ததா, நாங்கள் தூக்கியதால் வந்ததா? யாருக்கும் சொல்ல ஏலாது. அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவுமில்லை.

கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. அவற்றுக்குள்ளே முள்ளந்தண்டு வடம் ஓடுகிறது. கை, கால், மூச்சு எல்லாவற்றுக்கும் மூளையின் கட்டளை போகிற வழி அதுதான். எலும்பு உடைந்து வடம் தப்பியிருந்தாலும், தலையை ஆட்டினால் வடம் நசுங்கலாம்.

அதற்காக, "கழுத்தைத் தொடாதீங்க" என்று சுற்றி நின்று பார்ப்பதும் பிழை. மயங்கிக் கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பழுதாகத் தொடங்கும். ஆகவே மூச்சு முதல். கழுத்தையும் அதோடு சேர்த்தே காக்க வேண்டும்.

1. ஒருவர் உடனே 1990க்கு அடிக்கட்டும். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் அது, காசு இல்லை.

2. இன்னொருவர் தலைமாட்டில் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். தண்ணி கொடுக்க வேண்டாம்.

3. பேச்சில்லை, குறட்டை மாதிரிச் சத்தம் வருகிறதா? தலையைச் சாய்க்காமல், காதுக்குக் கீழே தாடையின் இரண்டு மூலையிலும் விரல் வைத்து, தாடையை மட்டும் மேலே தூக்குங்க. நாக்கும் கூடவே எழும்பும். அப்படியும் வழி திறக்காவிட்டால், தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, தேவையான அளவுக்கு மட்டும் சாய்க்கலாம்.

4. சத்தியோ இரத்தமோ வாயில் நிறைந்தால், தலை பிடித்தவரின் சொல்லுக்கு நாலு பேரும் ஒன்றாக, மரக்குற்றியைப் புரட்டுவது போலப் பக்கமாகத் திருப்புங்க.

5. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்துங்க.

ஆஸ்பத்திரியிலும் முறை இதுதான். தொண்டையில் குழாய் விடும்போது கழுத்துப் பட்டியின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, ஒருவர் தலையைப் பிடித்திருப்பார். வைத்தியர் குழாயை விடுவார். இயந்திரங்கள் நிறைந்த இடத்திலும் அந்த நேரம் கழுத்தைக் காப்பது ஒரு மனுசரின் இரண்டு கைதான்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரை ஆட்கள் அங்கே பாதைக்குக் காத்துக்கிடக்கிற கஷ்டம் தீர்ந்தது. ஆனாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்ச்சேரும் வரையான நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பறிப்புக் குழுவிலும் 4 பேராவது இதைப் பழகியிருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் பாய் விரிக்கிறோம், பெண்களும் வாங்க. விழுந்தவராக முதலில் படுக்கிறது நாங்கள்தான்.