பேண்டுக்கு முன்னால் ட்ரொம்போன்

பேண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது அணிவகுப்பும் ஊர்வலமும்தான். அதில் ட்ரொம்போன் பின்வரிசையில் நின்று கனத்த நாதம் கொடுக்கும். அதை முன்னால் நிறுத்தி, வயலின் வரிசையே இல்லாத ஊதுகருவிப் பேண்டைத் துணைக்கு வைத்தவர்களில் ஒருவர் நெதர்லாந்து இசையமைப்பாளர் யோஹான் டெ மெய். 1996-இல் வந்த அவருடைய 'டீ-போன் கான்செர்டோ' மூன்று பகுதிகள் கொண்டது. அவரே ட்ரொம்போன் வாசிப்பவர். ஆர்க்கெஸ்ட்ரா அமையாததால் பேண்டை வைத்து ஒப்பேற்றியதாக இதை நினைக்க வேண்டாம். ட்ரொம்போனுக்குப் பேண்டுதான் பொருத்தமான துணை என்பது என் கட்சி.

காரணம் அதன் இழுகுழாய். கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் சாவிகள், ட்ரம்பெட்டில் வால்வுகள். அழுத்தினால் சுரம் தன் படியில் போய் உட்கார்ந்துவிடும். ட்ரொம்போனில் ஏழு நிலைகள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் குழாயில் கோடு எதுவும் கிடையாது; கைப்பழக்கமும் காதும்தான் அளவு. ஏழாம் நிலைக்குக் கை முழுதும் நீள வேண்டும். முதல் நிலையிலிருந்து அதுவரை ஊதிக்கொண்டே இழுத்தால், ஆறு அரைச்சுர தூரம் நாதம் அறுபடாமல் வழுக்கி இறங்கும். நாகசுரத்தில் ஜாரு கேட்டுத் தலையாட்டும் நமக்கு இது புதிதா, சொல்லுங்கள்! ஆர்க்கெஸ்ட்ராவில் வழுக்குவதற்கு வயலின்களும் இருக்கின்றன. பேண்டில் அநேகமாக எல்லாம் படிப்படியாய் நடக்க, இது ஒன்றுதான் வழுக்கும். தனிக்குரல் தனித்தே தெரியும். மெல்பர்னில் பிறந்த இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர், ஏரி அலைகளைப் பார்த்து, படிகளே இல்லாமல் வழுக்கும் இசையைச் சிறுவயதிலேயே கனவு கண்டவர். முதுமையில் அதற்கென்று இயந்திரங்களே செய்து பார்த்தார். அவரும் பேண்டுக்கு ஆசையாக எழுதியவர் என்பதைக் கவனியுங்கள்.

எல்லோரும் ஊதினால் தனி வாசிப்பு அமுங்காதா என்று கேட்பீர்கள். தவில் முழங்கும்போது நாகசுரம் அமுங்குகிறதா? எப்போது யாரை நிறுத்துவது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது. ஜாரு வேறு, கமகம் வேறு, தோடி ராகத்தை ட்ரொம்போனில் வாசிக்க முடியுமா என்றால், நியாயமான கேள்விதான். ஆறு அரைச்சுரத்தைத் தாண்டினால் இழுப்பு அறுந்துவிடும். அந்த எல்லைக்குள் எழுதுவதில்தான் திறமை. பேண்டு வெறும் அணிவகுப்புச் சரக்கு என்பவர்களுக்கும் ஒரு பதில்: ரஷ்யக் கடற்படைப் பேண்டுகளின் கண்காணிப்பாளராக இருந்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1877-லேயே ட்ரொம்போனுக்கும் பேண்டுக்கும் கான்செர்டோ எழுதிவிட்டார்.

ஆக, வழுக்கும் குரலுக்குப் படிக்கட்டுக் கருவிகள்தான் நல்ல பின்புலம். ஹாரிஸ் பார்க் பகுதிப் பெற்றோரே, பள்ளி பேண்டில் உங்கள் பிள்ளை புல்லாங்குழலை விட்டு ட்ரொம்போனைக் காட்டினால், உடனே வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.