வாயில்லா ஜீவனும் வீட்டுப் பொறுப்பும்



சேமிப்பு, கடன், தணிக்கை பற்றியெல்லாம் பேசியாச்சு. நான் பேசப்போவது நம்ம வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றி. சிரிக்காதீங்க, இதிலும் சட்டம் இருக்கு, உயிரும் இருக்கு.

நாய்க்குட்டியை ஆசையாய்த் தூக்கிட்டு வருவது பிள்ளைகள். சோறு வைப்பது, கழுவி விடுவது, தடுப்பூசிக்குக் கூட்டிப் போவது யார்? நாமதான். எஸ்டேட்டுக்கு எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, பகல் 11 மணிக்கு அந்த நாய் யார் பொறுப்பில் இருக்கு? அப்பவும் நாமதான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் உரிமையாளரை மட்டும் சொல்லவில்லை. பிராணியைத் தன் பராமரிப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு என்கிறது. சோறு, தண்ணீர், நிழல் கொடுக்காமல் விடுவது, குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது, வயசாயிடுச்சுன்னு பசியில் வாட எங்காவது விட்டுட்டு வருவது, எல்லாம் குற்றம்.

2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. செய்தியில் பார்த்திருப்பீங்க. நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி, பிறருக்கு ஆபத்து வராமல் பிராணியைக் காக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எங்க நாய் கடிக்காது' என்ற பேச்சு அங்கே செல்லாது.

நம்ம அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் கட்டாயம். கட்டணம் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்தார்கள். அதோடு மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். உரிமம் வாங்க ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. வெளியே கூட்டிப்போனால் கயிறும் வாய்மூடியும் வேண்டும். ஆவடி உறுப்பினர்களுக்குத் தனி மாநகராட்சி; உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. அடுத்த ஊசியை டாக்டர் சொல்லும் நாளில் போடுங்கள். பிறகு வருஷா வருஷம். கருத்தடையும் செய்துவிட்டால், குட்டிகளைத் தெருவில் விடும் பாவம் நமக்கு வராது.

இன்னொன்று. நாய் கடித்ததைத் திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் மறைத்துவிடும். முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள். நகம் கீறினாலும் சொல்லச் சொல்லுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் தடவாதீங்க. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போடச் சொன்னால் ஒன்றைக்கூட விடக்கூடாது. ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றித் தனி மருந்தும் போடுவார்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்பு போட்டால் உயிரைக் காப்பாற்றலாம்.

கடன் தவணைத் தேதியை மறக்காத கை நம்முடையது. நாயின் தடுப்பூசி அட்டையையும் பாஸ்புக் மாதிரி பத்திரப்படுத்துவோம். அடுத்த குழுக் கூட்டத்தில் 5 நிமிடம் ஒதுக்குங்கள். யார் வீட்டில் நாய் இருக்கு, ஊசி எப்போது, உரிமம் எடுத்தாச்சா என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாத அக்காவுக்குத் தெரிந்த தங்கச்சி உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும். குழு என்பது அதற்குத்தானே!